கண்ணாடிக் குழாய் கற்பித்த பாடம்

நுழையும்முன்

முறிந்த எலும்பை இணைக்க உடலுக்குள் உலோகத் தகட்டையும் கம்பியையும் பொருத்துவது இன்று இயல்பான மருத்துவமாகிவிட்டது. அவ்வுலோகத்தின்மீது நுண்ணுயிர்கள் குடியேறினால் எலும்பு கூடாமற்போகலாம். காலையே இழக்கவும் நேரலாம். இதனைத் தடுப்பதற்கான அடிப்படைப் பாடத்தை மருத்துவ உலகம் போர்க்களத்தில் கற்றது.

போர்க்களத்து மண்

1865ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில், எலும்பு முறிந்து தோல் கிழிந்த 11 வயதுச் சிறுவனின் காலைக் கார்பாலிக் அமிலத்தால் காத்தார் ஜோசப் லிஸ்டர். கிருமிநாசினியின் புகழ் ஓங்கியது. ஆனால், முதல் உலகப்போரில் (1914-1918) அது போதவில்லை. பிரான்சு, பெல்ஜியம் நாடுகளின் எருவிட்ட வயல்களே போர்க்களங்களாயின. குண்டுச் சிதறல்கள் வீரர்களின் உடலைத் துளைத்தபோது சேற்றையும் சட்டைத் துணுக்குகளையும் உள்ளே கொண்டுசென்றன. மருத்துவர்கள் கிருமிநாசினியை ஊற்றியும் புண்கள் அழுகின. ஏன்?

முட்கள் நீண்ட குழாய்

பிரான்சின் பூலோன் நகரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய அலெக்சாண்டர் பிளெமிங் இவ்வினாவுக்கு விடை தேடினார். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, அதன் சுவரிலிருந்து உள்ளீடற்ற முட்கள் பல நீளுமாறு இழுத்தார். கிழிந்து சிதைந்த புண்ணின் மாதிரி உருவம் அது. நுண்ணுயிர் கலந்த நீர்மத்தை அதில் நிரப்பிக் கொட்டினார். பின்பு கிருமிநாசினியை நிரப்பிக் கொட்டினார். இறுதியில் தூய நீர்மத்தை ஊற்றினார். நுண்ணுயிர்கள் மீண்டும் பெருகின! முட்களின் நுனிகளில் பதுங்கியவை பிழைத்திருந்தன. புண்ணில் ஊற்றும் கிருமிநாசினி, உடலைக் காக்கும் வெள்ளையணுக்களை அழிப்பதையும் அவர் கண்டறிந்தார்.

எனவே, மருந்தை ஊற்றுவதைவிட நுண்ணுயிர்களின் பதுங்கிடத்தை அகற்றுவதே முதன்மையானது. இறந்த தசையையும் அந்நியப் பொருள்களையும் வெட்டி நீக்கி, புண்ணைச் சில நாள்கள் மூடாது வைத்துப் பின்னர்த் தைக்கும் முறை போர்க்கள மருத்துவமனைகளில் வேரூன்றியது.

உலோகத்தின்மீது ஓட்டப்பந்தயம்

1939ஆம் ஆண்டு ஜெர்மனியின் கீல் நகரில், கெர்ஹார்ட் குன்ட்ஷர் தொடையெலும்பின் உட்குழலில் உலோகக் கம்பியைச் செலுத்தினார். மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டியவர்கள் விரைவில் நடந்தனர். எனினும், உலோகத்தில் குருதி ஓடுவதில்லை. அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் நுண்ணுயிர்கள் பசைபோன்ற உயிர்ப்படலத்தை உருவாக்கி அதனுள் வாழ்கின்றன. தனித்துத் திரியும் நுண்ணுயிரைக் கொல்லும் மருந்து, படலத்துள் வாழ்வதை எளிதில் கொல்வதில்லை. பல வேளைகளில் உலோகத்தையே அகற்ற நேர்கிறது. குழாயின் முள்நுனியில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்கிறது.

1987ஆம் ஆண்டு அந்தோனி கிரிஸ்டினா என்னும் அறிஞர் இதனை, உலோகப் பரப்பைக் கைப்பற்ற உடற்செல்களும் நுண்ணுயிர்களும் ஓடும் பந்தயமாக விளக்கினார். ஆகவேதான், மாசுபட்ட போர்க்காயங்களில் முதலில் புண்ணைத் தூய்மை செய்து, உடலுக்கு வெளியே அமைக்கும் சட்டகத்தால் எலும்பை நிலைநிறுத்துகின்றனர். புண் தூய்மையடைந்த பின்னரே உள்ளே உலோகம் பொருத்துகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

சாலை விபத்தில் எலும்பு வெளித்தெரியும் காயத்துக்கும் இப்பாடம் பொருந்தும். காயத்தில் மண்ணோ காப்பித்தூளோ இடாதீர். எலும்பை உள்ளே தள்ளாதீர். தூய துணியால் மூடி, உறுப்பை அசையாது தாங்கி, காலந்தாழ்த்தாமல் மருத்துவமனை சேர்ப்பீர். அந்தப் பந்தயம் அப்போதே தொடங்கிவிடுகிறது.

கற்பவை கற்றபின்

1. பிளெமிங்கின் குழாய்க்கும் உயிர்ப்படலத்துக்கும் உள்ள ஒப்புமையை விளக்குக.
2. திறந்த எலும்புமுறிவுக்கான முதலுதவி குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.