காயை விற்கும் முன் கணக்குப் பாருங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலுக்குச் செல்வோர் கையில் இருப்பது உரித்த தேங்காய். உரித்த மட்டை தோப்பிலேயே தங்கிவிடுகிறது. பல தோப்புகளில் அது எரிந்தோ மக்கியோ வீணாகிறது. மட்டையோடு மொத்தமாகக் காயை விற்பவருக்கோ அதற்கென்று தனி விலை கிடைப்பதில்லை.

முற்றிய முழுக்காயின் எடையில் நூற்றுக்கு 35 பங்கு மட்டை, 12 பங்கு சிரட்டை, 28 பங்கு பருப்பு, 25 பங்கு தண்ணீர். தண்ணீர் நீங்கலாக மற்ற மூன்றுக்கும் சந்தை உண்டு.

கொப்பரை

விலை சரியும்போது காயை நெடுநாள் வைத்திருக்க இயலாது. நன்கு உலர்ந்த கொப்பரையை வைத்திருக்கலாம். 2023-ஆம் ஆண்டில் அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு நிர்ணயித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய். வெளிச்சந்தை விலை அதற்கும் கீழே இறங்கியபோது, தமிழகத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வழியே கொள்முதல் நடந்தது. கொள்முதல் செய்யப்பட்டது கொப்பரையே, காய் அன்று.

ஆனால் ஈரப்பதம் 6 சதவிகிதத்திற்கு மேற்பட்ட கொப்பரை தரத்தில் தள்ளுபடியாகும். பச்சைப் பருப்பில் ஏறத்தாழ பாதி ஈரமே. எனவே 12 மாதம் முற்றிய காய்களையே உடைக்க வேண்டும். உடைத்த அன்றே வெயிலில் பரப்புதல் அவசியம். வெறுந்தரை கூடாது, களத்திலோ தார்ப்பாயிலோ பரப்பி, மாலையில் பனி படாமல் மூட வேண்டும். இரண்டு, மூன்று நாளில் பருப்பு சிரட்டையை விட்டுக் கழன்றுவரும். அதைத் தோண்டி எடுத்து மேலும் உலர்த்தினால் மொத்தம் 6 முதல் 8 நாளில் பதம் வரும். வளைத்தால் வளையாமல் முறிவதே நல்ல பதம். ஈரக் கொப்பரையில் பிடிக்கும் பூஞ்சாணம் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அது பிண்ணாக்கு வழியே மாட்டுக்கும், பாலுக்கும் சென்று சேரும்.

சிரட்டை

சிரட்டையை அடுப்பில் மட்டுமே எரிப்பது நட்டம். 100 கிலோ சிரட்டையைக் காற்றுப் புகாமல் சுட்டால் சுமார் 30 கிலோ கரி கிடைக்கும். குடிநீர் வடிகட்டிகளில் பயன்படும் கிளர்வூட்டிய கரிக்கு இதுவே மூலப்பொருள்.

மட்டை

கயிற்று நாருக்கும், மெத்தை நாருக்கும் நார் ஆலைகள் மட்டையை வாங்குகின்றன. வண்டி வாடகைக்குக் கட்டுப்படாத இடத்தில் அதை மரத்திற்கே உணவாக்கலாம். மரத்திலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, 30 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழத்தில் வட்டமாகக் குழி எடுத்து, மரத்திற்கு 100 மட்டை வீதம் குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு அடுக்கி மண் மூட வேண்டும். மழைநீரைப் பிடித்து வைக்கும் இதன் பயன் 5 முதல் 7 ஆண்டுகள் நீடிக்கும். கிணற்றை நம்பியுள்ள மலையடிவாரத் தோப்புகளுக்கு இது மிகவும் ஏற்றது.

எது இலாபம்?

அடுத்த வெட்டில் 100 காயை மட்டும் தனியே எடுத்து உரித்து, உலர்த்தி, எடை போடுங்கள். பெரும்பாலும் 13 முதல் 15 கிலோ கொப்பரை தேறும். காயின் அளவைப் பொறுத்து இது மாறும். கொப்பரை, சிரட்டை, மட்டை மூன்றின் அன்றைய விலையைக் கூட்டி, உரிகூலியையும் உலர்த்தும் கூலியையும் கழியுங்கள். மிஞ்சும் தொகை வியாபாரி 100 காய்க்குத் தரும் விலையைவிடக் குறைவாக இருந்தால் காயாகவே விற்பது நலம். கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசம் இதுவரை தோப்பை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்த உங்கள் பணம்.