உப்பு கூடிப்போன நாளுக்கு

மதியம் கருவாட்டுக் குழம்பு, கூடவே அப்பளம், கடைசியில் மோர்ச் சோற்றுக்கு நார்த்தங்காய் ஊறுகாய். சாயங்காலம் நாக்கு வறள்கிறது, விரலில் மோதிரம் இறுகுகிறது. ரத்தத்தில் சோடியம் ஏறிவிட்டால் அதை நீர்க்க வைக்க உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தாகமும் வீக்கமும் அதனால்தான். கூடுதல் உப்பை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் பொறுப்பு. நன்றாக வேலை செய்யும் சிறுநீரகத்துக்கு இது ஓரிரு நாள் வேலை. அதற்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும்.

கீழே சொல்லும் கைவைத்தியம் எல்லோருக்கும் பொருந்தாது. மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால், வலிப்பு வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினால் மருத்துவரிடம் போக வேண்டும். தண்ணீர் கூட அவர் சொன்ன அளவுதான். சிறு குழந்தை உப்பை அள்ளி விழுங்கிவிட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் புகட்டும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது ஆளையே கொன்றுவிடும்.

மற்றவர்கள் தண்ணீரிலிருந்து தொடங்கலாம். ஒரு டம்ளர் குடியுங்கள், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, தாகம் அடங்கும் வரை. உப்பைக் கழுவித் தள்ளுகிறேன் என்று லிட்டர் கணக்கில் மடக் மடக்கென்று குடித்தால் சோடியம் அளவுக்கு மீறி இறங்கி, அது வேறு ஆபத்தாகிவிடும்.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தாகத்துக்கு உப்புப் போட்ட எலுமிச்சை சோடாவைத் தேடுவார்கள். 'தெம்பாக இருக்கும்' என்று ஓ.ஆர்.எஸ். கரைப்பவர்களும் உண்டு. அது வயிற்றுப்போக்கில் போன உப்பை ஈடுகட்டுவதற்கு. நமக்கோ உப்பு மிஞ்சிக் கிடக்கிறது. மோர் குடிக்கலாம், உப்பில்லாமல். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டால் உப்பு இல்லாத குறை அவ்வளவாகத் தெரியாது.

ராத்திரி இட்லி வேண்டாம். மாவிலேயே உப்பு இருக்கிறது, சட்னி சாம்பாரில் இன்னும் கொஞ்சம் சேரும். உப்புப் போடாத கஞ்சி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஒரு வாழைப்பழம் போதும். கிழங்கிலும் பழத்திலும் உள்ள பொட்டாசியம், சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவும். இளநீரிலும் அது நிறைய. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை ஏற்றும் சில ரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இளநீரைத் தேடிப் போகக் கூடாது. கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு'க்கும் இதே எச்சரிக்கைதான்; அதில் சோடியத்தின் இடத்தைப் பிடிப்பது பொட்டாசியம்.

சாப்பிட்டபின் கொஞ்சம் நடக்கலாம். கால் வீங்கியிருந்தால் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்கலாம். வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த நீர் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். காலையில் முகம் உப்பி, எடை ஒரு கிலோ கூடியிருந்தால் பதற வேண்டாம், அது கொழுப்பு இல்லை, தண்ணீர். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு அளந்து பார்க்க வேண்டும்.

அடுத்த இரண்டு நாளைக்குப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். அங்கே உப்பு என்று போடாமல் சோடியம் என்றுதான் போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன்கூட இல்லை. 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் அதிலேயே 2 கிராம் உப்பு போய்விடும். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்வதால் சோடியம் இரண்டு வழியில் வருகிறது. இந்துப்புக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்.