பார்த்த தாயும் கேட்ட தாயும்: புறநானூற்றிலும் திருக்குறளிலும் தாய் – மக்கள் உறவும் கல்வியும்

திறவுச்சொற்கள்: மக்கட்பேறு, சான்றோன், மூதின்முல்லை, உவகைக்கலுழ்ச்சி, பரிமேலழகர்

முன்னுரை

பள்ளி ஆண்டு விழாக்களில் மிகுதியாக எடுத்தாளப்பெறும் சங்கப் பாடல்களுள் ஒன்று பொன்முடியாரின் புறம் 312. பெற்று வளர்ப்பது தாயின் கடன், சான்றோனாக்குவது தந்தையின் கடன் என்னும் அளவில் மேற்கோள் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. வேல் வடித்துத் தரும் கொல்லனும், கொடை நல்கும் வேந்தனும், களிறு எறிந்து மீள வேண்டிய இளைஞனும் மேடைக்கு வருவதில்லை. இவ்வாறு துண்டித்து எடுக்கப்பட்ட பகுதி, உடலை வளர்ப்பவள் தாய், அறிவை வளர்ப்பவன் தந்தை என்னும் பிரிவினையைத் தமிழ்க் குடும்பத்தின் தொல்நெறியாகக் காட்டப் பயன்படுகிறது. அப்பிரிவினையில் பாடலின் பங்கு எவ்வளவு, பிற்கால உரையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய இக்கட்டுரை முயல்கிறது.

சான்றோன் என்னும் சொல்

புறம் 312 வாகைத்திணையில் மூதின்முல்லைத் துறையில் அமைந்தது. பதிற்றுப்பத்தில் சான்றோர் என்னும் சொல் வீரரைக் குறித்து வருவது ஆய்வாளர் நன்கறிந்ததே. களிறும் வாளும் சூழ்ந்த 312-ஆம் பாடலிலும் அப்பொருளே பொருந்துகிறது. ஆகவே தந்தை செய்யும் ஆக்கம் படைக்கலப் பயிற்சியோடு தொடர்புடையது. ஏட்டுக்கல்வியைத் தந்தைக்கு உரிமையாக்கும் சான்றாக அதனைக் கொள்ள இயலாது. தாய்க்குரியதாகச் சொல்லப்படும் புறந்தருதலையும் சோறூட்டுதல் என்று சுருக்குவதற்கில்லை. காத்தல், பேணல் என விரியும் நெடுங்காலப் பணி அது.

கல்வி நேரடியாகக் குடும்பத்துக்குள் நுழையும் பாடல் புறம் 183. பாடியவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். ஒரு வயிற்றிற் பிறந்தோரிடையேயும் சிறப்பு நோக்கித் தாயின் மனம் வேறுபடும் என்கிறான் அவன். அச்சிறப்பு கல்விச் சிறப்பே என்பது பாடற்சூழலால் தெளிவாகிறது. மூத்தவனை விடுத்து அறிவுடையவனை அரசு நாடும் என்பதும், கற்றவன் கீழ்ப்பிறப்பினன் ஆயினும் மேற்பிறப்பினன் அவனிடம் கற்கச் செல்வான் என்பதும் அடுத்து வருகின்றன. கல்வி பிறப்புமுறையைக் கலைக்கும் இடங்களை அடுக்கும் மன்னன், முதலிடத்தில் தாயை நிறுத்துவது கவனத்திற்குரியது. மக்களுள் கற்றவன் யார், கல்லாதவன் யார் என மதிப்பிடும் ஆற்றல் அவளுக்கு உண்டு என்ற கருத்தின்மேல்தான் அவ்வடி நிற்கிறது. அவளது அன்பு திரிவதைப் பாடல் கண்டிக்கவுமில்லை. இன்றைய வாசகருக்கு அது உறுத்தலாம். அந்த உறுத்தல் தனியே ஆராயத்தக்கது.

ஈன்ற நாளினும் பெரிய மகிழ்ச்சி

பூங்கணுத்திரையாரின் புறம் 277, காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறம் 278 ஆகிய இரண்டும் மகனைப் போரில் இழந்த முதிய தாயரைப் பாடுகின்றன. மகனைப் பெற்ற நாளைவிட அவன் வீழ்ந்த நாளில் தாய் பெரிதும் மகிழ்ந்தாள் என்பது இரண்டிற்கும் பொதுவான கூற்று. இதே ஒப்பீடு குறள் 69-இல் மீண்டும் வருகிறது. ஆனால் மகிழ்ச்சியின் காரணம் மாறிவிடுகிறது. மகன் அங்கே சிதைந்த உடலாகக் கிடக்கவில்லை. பிறர் அவனைச் சான்றோன் என்கின்றனர். சாவைச் சுற்றி அமைந்த ஒரு வாய்பாட்டை வள்ளுவர் வாழ்வுக்குத் திருப்பியிருக்கிறார். சான்றோன் என்னும் சொல்லும் உடன்திரும்புகிறது. மக்கட்பேறு அதிகாரத்தின் மிகப் பெரிய மாற்றம் இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இம்மாற்றத்தில் தாய்க்கு ஓர் இழப்பும் நேர்ந்துள்ளது. புறம் 278-இன் தாயும் முதலில் கேட்கிறாள். மகன் புறங்கொடுத்தான் என்று பலர் கூறக் கேட்டவள், அதனை அப்படியே ஏற்பதில்லை. அது மெய்யாயின் அவன் உண்ட முலையை அறுத்தெறிவேன் எனச் சினந்து, வாளேந்திக் களம் புகுந்து, பிணங்களைப் புரட்டித் தேடி, தன் கண்ணாலேயே உண்மையைக் காண்கிறாள். பலர் சொன்னது பொய்யாகிறது. குறளின் தாயோ கேட்பதோடு அமைகிறாள். 67-ஆம் குறள் தந்தை மகனுக்குச் செய்வதையும், 70-ஆம் குறள் மகன் தந்தைக்குச் செய்வதையும் பேசுகின்றன. தலைமுறைகளுக்கிடையிலான இக்கொடுக்கல் வாங்கலின் நடுவில் தாய்க்குச் செயல் ஏதும் இல்லை. மகிழ்ச்சி மட்டும் உண்டு.

உரை வரைந்த எல்லை

குறள் கூறாமல் விட்ட காரணத்தைப் பரிமேலழகர் வருவித்துரைக்கிறார். பெண்ணின் இயல்பால் தானே அறியமாட்டாள், ஆதலின் கேட்ட தாய் எனப்பட்டது என்பது 69-ஆம் குறளுக்கு அவர் தரும் விளக்கம். 61-ஆம் குறளிலோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்: அறிவறிந்த என்னும் அடைமொழியால் மக்கள் என்னும் பெயர் பெண்ணை ஒழித்து நின்றது என்கிறார். அதிகாரத்திற்கும் புதல்வரைப் பெறுதல் என்றே பெயர் கொள்கிறார். இவ்விரு குறிப்புகளையும் இணைத்துப் பார்த்தால்தான் அவற்றின் விளைவு புலப்படும். மகளுக்கு அறிவில்லை என்பது 61-இன் உரை. அம்மகளே தாயானபின் மகனின் அறிவை அறியமாட்டாள் என்பது 69-இன் உரை. விலக்கப்பட்டதன் பயன், விலக்கியதற்கே காரணமாகிவிடுகிறது.

மூலம் இதற்கு இடந்தருகிறதா? மகன் என்னும் ஆண்பாற்சொல் 67, 69, 70-ஆம் குறள்களில் உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. எனினும் கூழளாவும் சிறுகை, மெய் தீண்டும் இன்பம், மழலைச்சொல் ஆகியவற்றைப் பேசும் 64 முதல் 66 வரையிலான குறள்களில் மக்கள் என்பது இருபாற்கும் பொதுச்சொல்லே. மக்களின் அறிவுடைமை உலகத்துயிர்க்கெல்லாம் இனிது எனும் 68-இலும் அதே சொல் நிற்கிறது. உயர்திணையை மக்கட்சுட்டு என வரையறுத்த தொல்காப்பிய மரபும் அப்பொதுமையையே காட்டுகிறது.

இதனை ஏட்டளவிலான வழக்காகக் கருத முடியவில்லை. இக்கட்டுரையாளர் குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் தலைமுறை. எழுத்தறியாத தாய், நாள்தோறும் குறிப்பேட்டைப் புரட்டிச் சிவப்பு மையின் சுழிகளை எண்ணிப் பார்த்தே மகளின் படிப்பை அளந்தார். ஆசிரியர் நேரில் சொன்ன பாராட்டையும் அந்தக் கணக்கோடு ஒப்பிட்டபின்தான் நம்பினார். முதுகலை வகுப்பில் பரிமேலழகரின் அக்குறிப்பை முதன்முறை படித்தபோது நினைவுக்கு வந்தது அந்தக் குறிப்பேடுதான்.

பரிமேலழகர் உரை பாடமாக நீடிக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. அதன் இலக்கண நுட்பத்திற்கு ஈடில்லை. ஆனால் 69-ஆம் குறளை அவ்வுரையோடு நடத்தும் வகுப்பில் புறம் 278-உம் உடன் வைக்கப்படுதல் வேண்டும். 61, 69 ஆகிய இரு குறள்களுக்கும் மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதி, காலிங்கர் உரைகளை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவது அடுத்து மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.