வந்நு, வந்தான், வந்தார்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பேருந்தை விட்டு இறங்கிச் சாலைக் கடைத்தெருவுக்குள் நடந்தால், மலையாளமும் தமிழும் ஒருங்கே காதில் விழும். எதிர்பார்த்திருந்த சுமைத் தொழிலாளி வந்துவிட்டால், மலையாளி 'வந்நு' என்று சொல்லி முடித்துவிடுவார். வந்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதை அவ்வினை காட்டாது. பக்கத்துக் கடைத் தமிழர் அவ்வாறு நிறுத்த இயலாது. 'வந்தான்' என்பதா, 'வந்தார்' என்பதா? வந்தவருக்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பதை வினைமுற்றின் விகுதியே அவரிடம் கேட்டுவிடுகிறது.

மலையாள வினைகள் இவ்விகுதிகளை இழந்ததற்குக் 'கேரளபாணினீயம்' இயற்றிய ஏ. ஆர். ராஜராஜவர்மா (1863–1918) இட்ட பெயர் 'புருஷபேத நிராசம்'.

விகுதி இல்லாமையால் மலையாளிக்கு உயர்வு தாழ்வு என்னும் எண்ணமே இல்லை எனலாமா? கூடாது. அவன், அயாள், அத்தேஹம் என்று சுட்டுப்பெயரிலேயே அவர் மதிப்பை அளந்துவிடுவார். மொழியின் அமைப்பே சிந்தனையை வடிவமைக்கிறது என்றார் அமெரிக்கரான பெஞ்சமின் லீ வோர்ஃப் (1897–1941). அதனை முழுமையாக ஏற்பது கடினம். எதைச் சொல்ல முடியும் என்பதில் அன்று, எதைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன என்னும் ரோமன் யாகொப்சனின் விளக்கமே பொருத்தமானது. தமிழ் விதிக்கும் இக்கட்டாயம் சிறிதன்று. கூலியாளை 'வந்தான்' எனக் கேட்டு வளரும் குழந்தை, 'ஆர்' விகுதி யாருக்கு இல்லை என்பதை இலக்கணப் பாடத்திற்கு முன்பே கற்றுவிடுகிறது.

பயிற்சி: ஓட்டுநர், மருத்துவர், தூய்மைப் பணியாளர் ஆகியோரைக் குறித்து வீட்டில் பேசும்போது எவ்விகுதி வருகிறது? ஒரு நாள் கவனித்து எழுதுக.