ஷவர் வாங்கும் முன் மொட்டை மாடியைப் பாருங்கள்

கடையில் மயக்கும் அகலமான ரெயின் ஷவர், வீட்டில் ஒழுகும் ஓடு மாதிரி சொட்டுகிறதா? பெரும்பாலும் குறை ஷவரில் இல்லை, தொட்டியின் உயரத்தில். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் வெறும் 0.3 பார். மேல்மாடிக்காரர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். 3, 4 அங்குல அகலமுள்ள சின்ன ஷவரே அவர்களுக்குச் சரி. பெரியதுதான் வேண்டுமென்றால் பிரஷர் பம்ப் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனித்தூறலாகத் தெளிக்கும் ரகம் பார்க்க அழகு, ஆனால் வெந்நீர் உடம்பில் படுமுன் ஆறிவிடும். ஷாம்பூவும் லேசில் போகாது.

போர்வெல் தண்ணீரா? துளைகளில் உப்புப் படியும். சிலிக்கோன் முனை என்றால் விரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். மரை பொதுவாக அரை அங்குலம்தான். டெஃப்லான் டேப் சுற்றி நீங்களே மாட்டலாம்.