நெடுந்தீவுக்கு ஒரு முழு நாள்

நெடுந்தீவுக்குப் போய் வந்தவர்களில் பாதிப் பேர் சொல்வது, "பெரிதாக ஒன்றும் இல்லை." அவர்கள் பொய் சொல்லவில்லை. காலைப் படகில் இறங்கி, துறையில் நிற்கும் ஆட்டோ ஒன்றைப் பேசிக்கொண்டு, குதிரை, பெருக்க மரம், இடிந்த கோட்டை, புறாக்கூடு, ராட்சதப் பாதம் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிடம் நின்று படம் பிடித்துவிட்டுப் பிற்பகல் படகில் திரும்பினால் அப்படித்தான் தோன்றும். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் பிரமாதம் இல்லை. இதைவிடப் பெரிய கோட்டை யாழ்ப்பாண நகரத்திலேயே இருக்கிறது. பெருக்க மரம் மன்னாரிலும் உண்டு. ஆனால் நெடுந்தீவு பட்டியல் போட்டுப் பார்க்கிற ஊர் அல்ல. தண்ணீரும் மண்ணும் குறைவான ஒரு பாறைத் தட்டில் மனிதர்கள் எப்படி ஊர் அமைத்தார்கள் என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது. அதற்கு மூன்று மணி நேரம் போதாது. ஒரு முழு நாள் கொடுங்கள், முடிந்தால் ஒரு இரவும் தங்குங்கள்.

போகிற வழி சிக்கலானதல்ல. யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் குறிகட்டுவான் பேருந்தில் ஏறினால் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாக இருபுறமும் ஆழமற்ற கடலைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம். குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகும் நெடுந்தீவுப் படகும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிட்டால் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் போய் இறங்குவீர்கள். நெடுந்தீவுக்குக் கடலில் மட்டும் சுமார் ஒரு மணி நேரம். அந்தப் படகில் அரிசி மூட்டை, எரிவாயு சிலிண்டர், கோழிக்கூடை, ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் முதியவர்கள் எல்லாம் சேர்ந்தே வருவார்கள். ஊருக்கு வேறு வழி கிடையாது. 1985 மே 15 அன்று குமுதினி என்ற படகில் போய்க்கொண்டிருந்த பயணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் இன்றும் பேச்சு நின்றுபோகும். படகை உல்லாசச் சவாரியாக எண்ணிக் கூச்சல் போடாதிருக்க இந்த ஒரு காரணமே போதும்.

இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது வேலி. யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலியும் பனையோலை வேலியும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். முருகைக்கல் என்று சொல்லப்படும் பவளப்பாறைத் துண்டுகளை, சாந்து பூசாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஆட்டோவில் போகும்போது இது வெறும் சாம்பல் நிறக் கோடு. நடந்து போனால்தான் இடுக்கு வழியே காற்று புகுந்து போவதும், ஒரு கல் சரிந்தால் அதையே எடுத்துத் திரும்ப வைத்துவிட முடிவதும் தெரியும். நிலத்தைத் தோண்டினால் வருவது கல். அதை எங்காவது போட்டாக வேண்டும். போட்ட இடம் வேலியாகிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு பட்டியலில் உள்ள மற்ற இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். போர்த்துக்கீசர் கட்டி ஒல்லாந்தர் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கோட்டையும் அதே கல்தான். புறாக்கூடும் அதே கல்தான். ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தீவை நிர்வகித்த நோலன் என்ற அதிகாரியின் குதிரை லாயத்தில் எஞ்சி நிற்கும் தூண்களும் அதே கல். வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் இடத்தில் உள்ள வட்ட மேடைகளும் அப்படியே. தொல்லியலார் அவற்றைப் பௌத்தத் தூபிகளின் அடித்தளம் என்கிறார்கள். ஊரார் சொல்வதோ கண்ணகி கதையின் ஈழத்து வடிவங்களில் மீகாமனோடு போரிடும் வெடியரசனின் இருப்பிடம் என்று. அறிவிப்புப் பலகை எதைச் சொல்ல வேண்டும் என்பது இந்நாட்டில் அரசியலாகிவிட்ட கேள்வி. பலகையைப் படித்துவிட்டு, வழியில் காணும் பெரியவர் ஒருவரிடமும் கேட்டுப் பாருங்கள். இரண்டையும் கேட்டவருக்குத்தான் அந்த இடம் முழுசாகத் தெரியும்.

கல்லுக்கு அடுத்தது தண்ணீர். ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவில் ஓர் ஆறு கிடையாது. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதோடு சரி. பல கிணறுகள் உவர். நல்ல தண்ணீருக்குப் பேர்போனவை சாராப்பிட்டிக் கிணறுகள். ஒரு வாளி தண்ணீருக்கு இங்கே என்ன மதிப்பு என்பது புரிந்தால் மீதியும் புரியும். நெல்லை நம்ப முடியாத ஊர் பனையையும் மாட்டையும் நம்பியது. போர்த்துக்கீசர் இதைப் பசுக்களின் தீவு என்று அழைத்ததும், தமிழில் பசுத்தீவு என்ற பெயர் வழங்கியதும் அதனால்தான். (ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களை இந்தத் தீவுகளுக்குச் சூட்டிப் பார்த்தார்கள். வேலணைத் தீவு லைடன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம். இன்றும் புழக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் ஒன்றுதான்.) குதிரைகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தவையே. ஐரோப்பியர் கொண்டுவந்து வளர்த்த மட்டக்குதிரைகள், அவர்கள் போன பிறகு வெளியில் தாமாகவே பெருகின. கோடை முற்றும்போது குடிக்கத் தண்ணீரின்றி அவை செத்து விழுவதும் உண்டு. ஆகவே வாகனத்தில் துரத்திப் படம் எடுக்காதீர்கள். வறட்சியில் மெலிந்த விலங்கை ஓடவிடுவது கொடுமை. வெயில் தாழ்ந்த பிறகு மேய்ச்சல் வெளியின் ஓரத்தில் நடந்து போய்ச் சற்றுத் தள்ளி உட்காருங்கள். வாகனத்தைக் கண்டு விலகுகிற குதிரைகள், அசையாமல் இருக்கிறவரைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

இவ்வளவும் சரி, அந்த வெயிலில் நாள் முழுக்க யாரால் நடக்க முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நடுப்பகலில் நடக்கவே வேண்டாம். ஆறுதலாகப் பார்ப்பது என்றால் பகல் முழுக்க அலைவது என்று யாரும் சொல்லவில்லை. காலையில் துறையிலிருந்து நடந்தோ, தங்குமிடத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்த சைக்கிளிலோ வேலிகளையும் கோட்டைப் பக்கத்தையும் பாருங்கள். பதினொரு மணிக்குமேல் நிழல் தேடிவிடுங்கள். பெருக்க மரத்தை அப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. அதன் அடிமரம் ஆட்கள் உள்ளே போய் நிற்கும் அளவுக்குக் குடைவானது. மனிதன் அடுக்கிய கல்லின் நடுவே உயிரோடு வளர்ந்து நிற்கும் பெரிய பொருள் இது. தொலைவில் உள்ள குயிந்தா கோபுரத்துக்கு மட்டும் ஆட்டோ எடுங்கள். ஓட்டுநர்களுக்கும் பிழைப்பு வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. தண்ணீர் இல்லாத ஊரில் வெளியாள் இரவு தங்குவது ஊருக்குச் சுமையல்லவா? அப்படிச் சுமையாகாமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. குடிதண்ணீரைக் கொண்டு போங்கள், வெறும் போத்தல்களைத் திரும்ப எடுத்து வாருங்கள், குளியலை இரண்டு வாளியோடு நிறுத்துங்கள். மறுபக்கக் கணக்கையும் பாருங்கள். மூன்று மணி நேரத்தில் திரும்புகிறவர் வேண்டிய எல்லாவற்றையும் யாழ்ப்பாணத்தில் வாங்கி வருகிறார். தீவில் விட்டுப் போவது ஆட்டோ வாடகையும் குப்பையும். தங்குகிறவர் ஒரு வீட்டில் சாப்பிடுகிறார், பாலும் நெய்யும் பனாட்டும் புழுக்கொடியலும் வாங்குகிறார். சாப்பாட்டைக் காலையிலேயே சொல்லி வைக்க வேண்டும். உணவகம் வரிசையாக இருக்கும் ஊரல்ல. நண்டுக்கறியைவிட ஒடியற்கூழ் கிடைக்குமா என்று கேளுங்கள். மீனும் நண்டும் இறாலும் ஒடியல் மாவும் சேர்ந்த அந்தக் கூழில் இந்தத் தீவின் கடலும் பனையும் ஒரே சட்டியில் இருக்கின்றன.

மழை ஓய்ந்து வெளி பச்சையாக இருக்கும் தை முதல் பங்குனி வரை நல்ல காலம். மாசி, பங்குனியை ஒட்டிக் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வரும். அந்த நாட்களில் படகும் துறையும் நெரிசலாகும். சோழகக் காற்று கிளம்பிவிட்டால் கடல் கொந்தளிக்கும், பயணம் வயிற்றைப் புரட்டும். வார இறுதியைத் தவிர்த்தால் உள்ளூர்க்காரர்களுக்கும் படகில் உட்கார இடம் கிடைக்கும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கடவுச்சீட்டைக் கையிலேயே வைத்திருங்கள். இரவு தங்கவில்லை என்றால், காலையில் இறங்கிய கையோடு துறையிலேயே கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றன்றைய காற்றைப் பொறுத்து அது மாறும்.