கூரையிட்ட மரப்பாலம்
(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பாலம் என்றதும் கல்லும் இரும்பும் சிமென்டுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் பெரிய ஆறுகளின் குறுக்கே மரத்தால் பாலம் அமைத்து, அதற்கு வீட்டைப் போலவே சுவரும் கூரையும் இட்டு வாழ்ந்த மக்களும் உண்டு. அத்தகைய பாலங்களுக்குப் பெயர் பெற்றது சுவிட்சர்லாந்து நாடு. அவற்றுள் ரைன் ஆற்றின் மீது ஷாஃப்ஹவுசன் நகரில் இருந்த பாலத்தின் வரலாறு நாம் அறியத்தக்கது.

பாலத்திற்குக் கூரை எதற்கு? வழிப்போக்கர் நனையாதிருக்க என்று நாம் எண்ணுவோம். உண்மையில் அது பாலம் நனையாதிருக்க இடப்பட்டதாகும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டிற்குள் இருந்தால், அதை உளுக்கச் செய்யும் பூஞ்சைகள் வளர்வதில்லை. மழைநீர் உத்தரங்களின் பொருத்துவாய்களில் தேங்கினாலோ சில ஆண்டுகளிலேயே பாலம் வலுவிழக்கும். கூரைப் பலகை பழுதானால் எளிதில் மாற்றலாம். எடை தாங்கும் உத்தரத்தை மாற்றுவது எளிதன்று.

ஷாஃப்ஹவுசனில் இருந்த கற்பாலம் 1754இல் இடிந்து வீழ்ந்தது. ஆற்றின் நடுவே ஒரு கல்தூண் மட்டும் எஞ்சி நின்றது. புதிய பாலம் அமைக்கும் பணிக்கு டொய்ஃபன் என்ற ஊரைச் சேர்ந்த ஹான்ஸ் உல்ரிக் குரூபன்மான் (1709–1783) முன்வந்தார். அவர் பொறியியல் கல்லூரி எதிலும் பயின்றவர் அல்லர். தச்சர் குடும்பத்தில் பிறந்து தொழிலைக் கைப்பழக்கத்தால் கற்றவர். நடுத்தூணே தேவையில்லை, 100 மீட்டருக்கும் அதிகமான அகலத்தை ஒரே தாவலில் கடக்கலாம் என்பது அவர் கருத்து. அதை விளக்க மரத்தில் மாதிரி ஒன்றும் செய்து காட்டினார். நகரமன்றத்தாரோ, பழைய தூணைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்றனர்.

அவ்வாறே 1758இல் பாலம் முடிந்தது. தூணின் ஒருபுறம் சுமார் 52 மீட்டர், மறுபுறம் சுமார் 59 மீட்டர். அத்தூண் இரு கரைகளுக்கும் நேர்கோட்டில் அமையாமையால் பாலமும் நடுவில் சற்று வளைந்தே சென்றது. அடுக்கடுக்கான சாய்வுக் கட்டைகள் பாரத்தை அழுத்த விசையாக மாற்றிக் கரைகளுக்குக் கடத்தின. பாலம் உண்மையில் அத்தூணின் மேல் தங்கவே இல்லை, மன்றத்தாரின் மனநிறைவுக்காகத் தங்குவதுபோல் காட்டினார் என்றொரு கதையும் வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், தூணின் உதவி எந்த அளவுக்கு இருந்தது என்பது அக்காலத்து அறிஞர்களிடையே பேசப்பட்ட கேள்வியே.

1776இல் இப்பாலத்தைக் கண்ட வில்லியம் காக்ஸ் என்ற ஆங்கிலப் பயணி, ஒரு மனிதர் நடந்தாலும் பாலம் அதிர்வதையும், பெரும் பாரம் ஏற்றிய வண்டிகள் அதன்மீது தீங்கின்றிச் செல்வதையும் கண்டு வியந்து எழுதினார். அதிர்வது வலுவின்மையின் அடையாளம் அன்று. நீண்டு நெகிழும் அமைப்பு சிறு விசைக்கும் அசையும். விசை நீங்கியதும் தன் நிலைக்கு மீளும். மீள்தன்மை எல்லைக்குள் பாரம் இருக்கும்வரை அச்சமில்லை என்பதை இயற்பியல் மாணவர் அறிவர்.

இப்பாலத்தை ரைன் ஆற்றின் வெள்ளமும் வீழ்த்தவில்லை, வண்டிப் பாரமும் வீழ்த்தவில்லை. 1799இல் நடந்த போரில், பின்வாங்கிய பிரெஞ்சுப் படையினர் அதற்குத் தீ வைத்தனர். மழையிலிருந்து காத்த கூரையால் மனிதரிடமிருந்து காக்க இயலவில்லை. குரூபன்மான் வெட்டிங்கன் என்னுமிடத்தில் கட்டிய பாலமும் அவ்வாண்டிலேயே எரிக்கப்பட்டது. ஆயினும் சிறு ஆறான உர்னேஷின் மீது அவர் 1780இல் கட்டிய கூரைப்பாலம் இன்றும் நிற்கிறது. ஒற்றைத் தாவலுக்கென அவர் செய்த மாதிரியும் ஷாஃப்ஹவுசன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

விசைகளைக் கூட்டிக் கழிக்கும் சூத்திரங்களை இன்று நாம் வகுப்பறையில் கற்கிறோம். கல்லூரி எதிலும் பயிலாமலே, ஒரு தச்சர் அவற்றை மரத்தில் எழுதிக் காட்டினார். கைத்தொழில் அறிவு வேறு, கல்வி அறிவு வேறு என்று பிரித்துப் பேசுவோர் இப்பாலத்தை எண்ணிப் பார்த்தல் நலம்.